மயில் பிகோனியா: நீலத்தைத் தொலைக்கும் தவறுகள்

இலைகள் நீலமாக மின்னும் மயில் பிகோனியாச் செடியை வாங்கி வந்த முதல் வாரம் பெரும்பாலானோர் செய்கிற வேலை ஒன்று உண்டு. நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று எல்ஈடி விளக்கை அதன் தலைக்கு மேலே இறக்கி வைப்பார்கள். நானும் அதையேதான் செய்தேன். ஒரு மாதத்தில் புதிதாக விட்ட இலை வெறும் பச்சை. பழைய இலைகளின் ஓரம் காய்ந்து சுருண்டுவிட்டது.

பிகோனியா பவோனினா என்கிற இந்தச் செடி மலேசிய மலைக்காடுகளைச் சேர்ந்தது. கேமரன் மலைப் பக்கம், பெருமரங்களின் அடியில், வெயில் எட்டிப் பார்க்காத இடங்களில் வளர்கிறது. அதன் நீலம் சாயம் அல்ல. இலையின் மேல்தோலுக்குள் இருக்கும் இரிடோபிளாஸ்ட் என்ற பசுங்கணிகங்களில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்புகள்) சவ்வுகள் சீட்டுக்கட்டு போலச் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கு நீல ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மரக்கூரை வழியாக வடிந்து வரும் பச்சை, சிவப்பு ஒளியைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் கலப்பினம் ஒன்றைச் சோதித்து, மங்கிய வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கைத் திறன் இதனால் 5 முதல் 10 சதவீதம் கூடுகிறது என்று 2016இல் வெளியிட்டார்கள். ஆக, நிழலில் பிழைக்கச் செடி கண்ட வழிதான் இந்த நிறம். வெளிச்சத்தைக் கொட்டினால் அது எதற்கு?

நீலம் போய்விட்டது என்று பதறுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து இலையைப் பாருங்கள். பக்கவாட்டில் பச்சையாகத் தெரிந்த அதே இலை சட்டென்று மயில்கழுத்து நிறத்தில் மின்னும். மின்னாவிட்டால் விளக்கைத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது சூடு. கேமரன் மலை சுமார் 1500 மீட்டர் உயரம். இரவில் ஸ்வெட்டர் தேடும் ஊர். காற்றில் ஈரம் நிற்பதற்காக இதை வளர்க்கிற மூடிய கண்ணாடிப் பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் அரை மணி நேர வெயிலில் உள்ளே அவியல்தான். ஏசி இல்லாத அறையில், சென்னையின் மே மாதத்தில் இதை வளர்ப்பேன் என்பது வீம்பு, அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் 'மழைக்காடு' என்ற சொல்லே ஆளை ஏமாற்றிவிடுகிறது. இதற்கு ஈரம் வேண்டியது காற்றில். வேர் சகதியில் நின்றால் அழுகிவிடும். மண்ணுக்குப் பதில், நீரைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்து, சொட்டுச் சொட்டாக வடிவது நிற்கும்வரை பிழிந்து, கொஞ்சம் பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) கலந்து நடுங்கள். அடியில் களிமண் உருண்டைகள் போட்டிருந்தால் அங்கே தேங்கும் நீர் பாசியைத் தொடக் கூடாது. உரம் என்றால் பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு, அதுவும் எப்போதாவது.

கூரியரில் வந்த செடி நாலு நாளில் இலைகளை உதிர்த்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தரையோடு கிடக்கும் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மூடிய பெட்டியில் விட்டுவைத்தால் துளிர்க்கும். கொழகொழவென்றால் நம்பிக்கையில்லை. அதனால்தான் நல்ல இலை இருக்கும்போதே, நரம்போடு ஒரு துண்டு வெட்டி ஈரப் பாசிமேல் படுக்க வைத்துவிடுவது என் வழக்கம். பொறுமையாக விட்டால் வெட்டிய நரம்பிலிருந்து குட்டிச் செடி கிளம்பும்.

வாங்கும்போது, பதியம் போட்டதா, திசு வளர்ப்பில் வந்ததா என்று கேளுங்கள். காட்டிலிருந்து பிடுங்கிய செடி பெட்டிக்குள் பிழைப்பது கடினம், காட்டுக்கும் நஷ்டம். அப்புறம், இணையத்தில் 'நீல பிகோனியா விதை' என்று பளபளக்கும் படத்தோடு விற்கிறார்களே, அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளங்கையில் ஊதினால் பறக்கிற தூசு மாதிரி இருக்க வேண்டும். கடுகு மாதிரி உருண்டால் அது பிகோனியாவே இல்லை.