சருகு மெசினைக் கைமாற்றும் முன்

இந்த ஒக்டோபரில் என் சருகு மெசின் ஏஜாக்ஸில் இருக்கும் மருமகன் வீட்டுக்குப் போகிறது. அவர்களுடைய புது வளவில் நான்கு மேப்பிள் மரங்கள். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எங்கள் வளவில் இருந்த பெரிய மரத்தைச் சென்ற ஆண்டு தறித்துவிட்டோம், இனி எனக்கு அதில் வேலை குறைவு. மெசினைக் கொடுப்பது சுலபம். அதோடு சேர்ந்து போகவேண்டிய பழக்கங்களைத்தான் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். இப்படியான மெசின் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் இது உதவட்டும்.

புல்வெட்டியைப் போலப் பின்னால் நடந்து தள்ளிச் செல்லும் மெசின் இது. முன்பக்கத்தில் 24 அங்குல அகலத்தில் ஒரு வாய். நிலத்தில் கிடக்கும் சருகை அது உறிஞ்சும். உள்ளே கனமான இரும்பு விசிறி சுழன்று சருகை நொறுக்கி, பின்னால் தொங்கும் பைக்குள் தள்ளும். பக்கத்தில் குழாய் மாதிரி ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அங்குலத் தடிப்புவரை உள்ள கொப்பை அதற்குள் விட்டால், விசிறித் தட்டில் பூட்டியிருக்கும் இரண்டு கத்திகள் அதைச் சீவித் தள்ளும். எட்டுப் பை சருகு ஏறக்குறைய ஒரு பையாகச் சுருங்கும்.

ஊரில் அப்பா புகையிலைத் தோட்டத்துக்குப் பூவரசங்குழையைப் பசளையாக மண்ணுக்குள் தாழ்ப்பார். வேலியில் வெட்டிய குழை ஒன்றுகூட வெளியே போகாது. இங்கே கனடாவுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில், தெருவெல்லாம் கடதாசிப் பைகளில் சருகை அடைத்து லொறிக்கு வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தச் சருகு மண்ணுக்கு உரியது. முழு மேப்பிள் இலையை அப்படியே பாத்தியில் போட்டால் மழைக்குப் பின் தோல்மாதிரி ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீரையும் காற்றையும் மறிக்கும். அரைத்துப் போட்டால் அடுத்த கோடைக்குள் மண்ணோடு மண்ணாகிவிடும். அதற்காகத்தான் இந்த மெசினை வாங்கினேன்.

சரி, முதலில் கை விஷயம்.

நான் 22 வருடம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெசினில் வேலை செய்தவன். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு தருவார்கள். மெசினுக்குள் கை வைக்கவேண்டி வந்தால், மின் இணைப்பை அணைத்து அந்த இடத்தில் உங்கள் பூட்டைப் போட்டு, திறப்பை உங்கள் பொக்கற்றில் வைக்கவேண்டும். வேறு யாரும் அதை இயக்க முடியாது. இந்தச் சருகு மெசினில் அந்தப் பூட்டு எது என்றால், எஞ்சினுக்குள் தீப்பொறி கிளப்பும் ஸ்பார்க் பிளக்கின் தலையில் செருகியிருக்கும் தடித்த கறுப்பு வயர்தான். அதைக் கழற்றிப் பிளக்கில் படாதபடி ஒதுக்கி வைத்தபிறகே பையைக் கழற்றிய பின்பக்க வாய்க்குள்ளோ கொப்பு விடும் குழாய்க்குள்ளோ கை போகலாம். என்னுடைய மெசினில் அந்த வயரில் ஒரு சிவப்புத் துணித் துண்டு கட்டியிருக்கிறேன். அதை அவிழ்க்கவேண்டாம்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது, "மாமா, சத்தம் நிண்டாச் சரிதானே?" என்று கேட்டார். "சத்தம் நிண்டா விசிறி நிண்டதெண்டு அர்த்தமில்லை, தம்பி" என்றேன். விசிறி கனமானது. எஞ்சினை நிறுத்திய பிறகும் தன் வேகத்தில் சில விநாடிகள் சுழலும். காதுமூடி போட்டிருந்தால் அந்தச் சுழற்சி கேட்கவே கேட்காது. நான் முப்பதுவரை எண்ணுவேன், எண்ணி முடித்த பிறகு வயரைக் கழற்றுவேன்.

வாங்கி மூன்றாவது வருடம் நான் அப்படி எண்ணவில்லை. மழைக்கு மறுநாள், சருகு ஈரம். பைக்குப் போகும் பின்பக்க வாய் அடைத்துக்கொண்டது. எஞ்சினை நிறுத்தியதும் பையைக் கழற்றி, ஒடிந்த விளக்குமாற்றுத் தடியால் உள்ளே குத்தினேன். விசிறி தடியைப் பறித்து என் மணிக்கட்டில் அடித்தது. ஒரு கிழமை வீங்கியிருந்தது. தடிக்குப் பதிலாக விரல் போயிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் உடம்பு கூசுகிறது.

வயரைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மெசினில் விசிறி நேரே எஞ்சின் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அடைத்த சருகை எடுக்கும்போது விசிறியைக் கையால் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து திரும்பும். வயர் செருகியிருந்தால் அந்தத் திருப்பலே ஒரு வெடிப்பைக் கிளப்பிவிடலாம். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதும் இதுவும் எஞ்சினுக்கு ஒன்றுதான்.

இனி வேலை நாளுக்கு வருவோம். காலையில் பனி ஈரம் காயும்வரை பொறுங்கள். பத்து, பதினொரு மணிக்குச் சருகைக் கையில் எடுத்துக் கசக்கினால் நொறுங்கவேண்டும். நொறுங்காவிட்டால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். அப்புறம் வளவை ஒருமுறை நடந்து பாருங்கள். கல், கம்பித் துண்டு, பிள்ளைகளின் பந்து, தண்ணீர்க் குழாயின் பித்தளை முனை, இவையெல்லாம் சருகுக்குள் ஒளிந்திருக்கும். விசிறிக்குள் போன கல் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பையின் தையலையும் சிப்பையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். பை இல்லாமல் எஞ்சினை இயக்கவே கூடாது. கொப்பு விடும் குழாயின் வாயில் தொங்கும் ரப்பர் மறைப்பையும் கழற்றக்கூடாது. தெறித்துவரும் துண்டை முகத்துக்கு வராமல் மறிப்பது அந்த ரப்பர்தான்.

உடுப்பு: கண்ணாடி, காதுமூடி, முன்பக்கம் மூடிய தடித்த சப்பாத்து, கையோடு ஒட்டிய கையுறை. தொளதொளத்த கையுறை கூடாது. ஸ்கார்ப், கழுத்தில் தொங்கும் கயிறு வைத்த ஹூடி, காப்பு, இவை எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். காய்ந்த சருகில் பூஞ்சணத் தூள் நிறைய உண்டு, அதனால் என்95 முகமூடியும் போடுவேன். காது விஷயத்தில் எனக்குத் தொழிற்சாலையில் கிடைத்த பாடம் உண்டு. ஒன்ராறியோவில் வேலைத்தளச் சத்தத்துக்கான எல்லை எட்டு மணிநேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபெலில் பதினைந்து நிமிடம்தான். பெற்றோல் எஞ்சினோடு விசிறியும் சேர்ந்து இரையும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பின்னேரம் முழுக்க நிற்பவர் இதை யோசிக்கவேண்டும்.

ஸ்டார்ட் பண்ணுவது எப்போதும் வெளியில். கராஜ் கதவு திறந்துதானே இருக்கிறது என்று உள்ளே இயக்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, அது கதவு வழியே வீட்டுக்குள்ளும் போகும். பெற்றோல் ஊற்றுவதும் வெளியில்தான், எஞ்சின் ஆறிய பிறகு. நான் கால் மணிநேரம் விடுவேன், அந்த நேரத்தில் ஒரு தேத்தண்ணி. எரிபொருள் நிலையத்தில் சிவப்புப் பெற்றோல் கானை நிரப்பும்போது அதைக் காரின் டிக்கிக்குள் வைத்தபடி நிரப்பக்கூடாது. நிலத்தில் வைத்தே நிரப்புங்கள். கம்பளம் விரித்த இடத்தில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி வரலாம்.

ஒயில் மட்டத்தைச் சமதரையில் பார்த்துவிட்டு, சோக்கை இழுத்து, கயிற்றை இழுங்கள். ஒரு நிமிடம் சூடேறட்டும். பிறகு வேகத்தை முழுமையாகக் கூட்டுங்கள். பாதி வேகத்தில் அரைத்தால்தான் அடைக்கும். வாயின் உயரம் சருகின் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். நிலத்தோடு ஒட்ட இறக்கினால் நன்றாக உறிஞ்சும் என்று எல்லோரும் நினைப்பார்கள். காற்றுப் போக வழியில்லாமல் உறிஞ்சுவது குறைந்துவிடும். சருகு குவியலாகக் கிடந்தால் முதலில் வாரியால் பரப்பிவிட்டு, ஆறுதலாக நடங்கள். சரிவான நிலத்தில் குறுக்காக நடங்கள், மேலும் கீழுமாக வேண்டாம்.

கொப்பு விடுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். அடித்தண்டு முன்னே போகட்டும். பக்கத்தில் கிளைக்கும் கவர்க் கொப்புகளைக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழாயில் கொழுவும். குழாய்க்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். கத்தி கொப்பைக் கவ்வியதும் கையை விட்டுவிடவேண்டும், அதோடு இழுபறி வேண்டாம். கட்டையாகிப்போன கடைசித் துண்டைக் கையால் தள்ளாதீர்கள், இன்னொரு நீளக் கொப்பால் தள்ளுங்கள். பச்சைக் கொப்பு வெண்ணெய் மாதிரிப் போகும். காய்ந்த ஓக் கத்தியை மழுங்கடிக்கும். வெட்டிய அன்றே அரைப்பது நல்லது.

எல்லாவற்றையும் அரைக்கவும் கூடாது. ஸ்காபரோவின் கிழக்கில் இருக்கும் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஓரமாக வளவு உள்ளவர்கள் பாய்சன் ஐவி கொடியை அறிந்திருக்கவேண்டும், ஒரு காம்பில் மூன்று இலை. தொட்டாலே தோல் பொங்கும். அரைத்தால் அந்த எண்ணெய் தூளோடு பறந்து முகத்திலும் மூச்சிலும் படும். கறுப்பு வால்நட் மரத்தின் இலையையும் கொப்பையும் நம் ஆட்கள் தோட்டத்தில் போடவே கூடாது. அதில் இருக்கும் ஜுக்லோன் என்ற நச்சுப் பொருள் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் வாட்டும். நாம் வைக்கிறதே அந்த மூன்றும்தான்! ஆஷ் மரத் துண்டுகளை நண்பரின் கொட்டேஜுக்கு என்று காரில் ஏற்றாதீர்கள். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும், 2007இல் டொராண்டோவில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு பெரும்பாலும் அப்படி விறகோடுதான் ஊர் ஊராகப் பரவியது.

நிறுத்தும்போது வேகத்தைக் குறைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான புகைக்குழாயோடு மெசினைக் காய்ந்த சருகுக் குவியலில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். நெருப்புப் பிடிக்கும். பையை அன்றே காலி பண்ணுங்கள். ஈரச் சருகு பைக்குள் கிடந்தால் சூடேறி, புளித்து, துணியையும் உக்கவைக்கும். பையின் துணி தூளால் அடைத்துப்போனாலும் உறிஞ்சுவது குறையும், எஞ்சினைக் குறை சொல்லமுன் பையை உதறிப் பாருங்கள். நான் வருடத்தில் இரண்டு தடவை தண்ணீரால் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைப்பேன்.

பராமரிப்பில் அதிகம் செலவில்லை. புது எஞ்சினுக்கு முதல் ஐந்து மணிநேரத்தில் ஒயில் மாற்றவேண்டும், ஓடிப் பழகும்போது தேயும் இரும்புத் துகள் அதில் இருக்கும். பிறகு சீசனுக்கு ஒரு தடவை, 10டபிள்யூ-30 ரக ஒயில். காற்று வடிகட்டியை இந்த மெசினில் அடிக்கடி பார்க்கவேண்டும், புல்வெட்டியைவிட இது தின்னும் தூசி பலமடங்கு. எஞ்சினின் குளிர்விக்கும் செட்டைகளுக்கு இடையில் சருகுத் தூள் இறுகிவிடும். பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். மெசினைச் சரிக்க நேர்ந்தால் வடிகட்டி இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி சரியுங்கள். மற்றப் பக்கம் சரித்தால் ஒயில் வடிகட்டிக்குள் போய்விடும்.

கத்தி மழுங்கியதைச் சீவல் காட்டிக்கொடுக்கும். கூரான கத்தி சுத்தமான சில்லுகளாகச் சீவும். மழுங்கியது நார் நாராகக் கிழிக்கும், கொப்பைத் தள்ளவேண்டியும் வரும். வயரைக் கழற்றி, விசிறி திரும்பாதபடி மரக்கட்டை ஒன்றை இடையில் வைத்து, இரண்டு கத்தியையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் தீட்டாதீர்கள். அரத்தால் பழைய சாய்விலேயே, இரண்டிலும் ஒரே அளவு எடுக்கவேண்டும். எடை வித்தியாசப்பட்டால் விசிறி அதிரும், அதிர்வு நட்டைத் தளர்த்தும். திரும்பப் பூட்டும்போது கையேட்டில் போட்டிருக்கும் இறுக்கத்துக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். வேலை நடுவே மெசின் புதிதாக அதிரத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பையை நிரப்பி முடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம்.

அரைத்ததை என்ன செய்வது? உள்ளிப்பூண்டை ஒக்டோபரில் நட்டுவிட்டு அதன்மேல் நான்கு அங்குலம் சருகுத் தூளைப் போடுகிறேன், பனிக்காலம் முழுக்க அது போர்வை. மிச்சம் கொம்போஸ்டில், சமையலறை மரக்கறிக் கழிவோடு கலந்து. கொப்புச் சீவலை மட்டும் மண்ணுக்குள் கொத்திவிடாதீர்கள். அது உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், கீரை மஞ்சளாகும். நடைபாதையிலும் மரத்தடியிலும் மேலாகப் பரப்பினால் நல்லது, அடிமரத்தோடு ஒட்டாமல்.

நவம்பர் கடைசியில் வேலை முடிந்ததும் பெற்றோலை வெறுமையாக ஓடவிட்டு முடிப்பேன். எதனோல் கலந்த பெற்றோல் ஒரு மாதத்திலேயே பழுதாகத் தொடங்கும், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபுரேட்டரில் பசையாகப் படியும். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் புதுப் பெற்றோலில் அது பழுதாகாமல் காக்கும் ஸ்டெபிலைசர் விட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பூட்டுங்கள். பேஸ்மென்டில், சுடுதண்ணீர்த் தாங்கியோ வீட்டைச் சூடாக்கும் பேர்னஸோ இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெசினையும் வைக்கவேண்டாம், கானையும் வைக்கவேண்டாம்.

மருமகனின் வீட்டில் தோட்டத்துச் சாமான் கொட்டில் ஒன்று தனியாக இருக்கிறது, அதுதான் இடம். இரண்டு பேத்திகள் அங்கே ஓடித்திரிகிறார்கள். அதனால் கொட்டிலுக்கு ஒரு பூட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், சிவப்பு நிறம். அதை மெசினோடு சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். திறப்பு இரண்டும் மகளிடம்.