ஆடிக்காற்று வந்த பிறகு ஊருக்கு வாருங்கள்

பள்ளிக்கூட லீவு என்று எல்லோரும் மே மாதத்தில்தான் செட்டிநாட்டுக்கு வருகிறார்கள். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி வெயிலில் எங்கள் செம்மண்ணில் வெறுங்கால் வைக்க முடியாது. பிள்ளைகள் ஃபேனுக்கு அடியிலேயே கிடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. கோடை முடிகிற நேரம்தான் ஊரின் நல்ல நேரம். ஆனி பிற்பாதியிலிருந்து ஆவணி வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வெயில் அப்போதும் இருக்கும். ஆனால் கூடவே காற்று இருக்கும், பழம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சாயங்காலத்தில் மழையும் இருக்கும். லீவு இல்லையே என்றால் ஒரு சனி ஞாயிறோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு வாருங்கள், போதும். காரைக்குடிப் பக்கத்து ஊர் எனக்கு. பிழைப்புக்குச் சென்னை போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. ஆடியில் நாலு நாளாவது அப்பத்தா வீட்டில் இருக்காமல் என்னால் முடியாது.

விடியும் முன்னே எழுந்து ஊருணிக்கு, அதாவது ஊர்க் குளத்துக்குப் போங்கள். கோடைக் கடைசியில் தண்ணீர் இறங்கியிருப்பதால், மற்ற நாளில் மூழ்கிக் கிடக்கும் கீழ்ப்படிகள் அப்போது வெளியே தெரியும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கல் அது. அதில் உட்கார்ந்து மயில் அகவுவதைக் கேட்டாலே அன்றைய நாள் நிறைந்துவிடும். குடிதண்ணீர் ஊருணி என்றால் செருப்பைக் கரையிலேயே விடுங்கள், காலை நனைக்காதீர்கள். குளிக்கிற ஊருணி எது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பகலுக்கு வீடுதான். பழைய வீடு உங்களுக்கு இருந்தால், அல்லது சொந்தக்காரர் வீட்டுச் சாவி கிடைத்தால், முதலில் முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள். எல்லா நிலைகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் தெருவிலிருந்து புகுந்த காற்று வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டைத் தாண்டிப் பின்தெரு வரை ஓடும். காலையில் முற்றத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் உட்காருங்கள். உச்சிக்குப் பிறகு மேற்குத் தாழ்வாரத்துக்கு மாறிவிடுங்கள். அப்பத்தா கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. அவர் பாய் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை வைத்தே நாங்கள் மணி சொல்வோம். மத்தியானத் தூக்கத்துக்குப் பாயும் வேண்டாம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் வெறும் உடம்போடு படுத்த குழந்தை லேசில் எழுந்திருக்காது. கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் வார்த்தெடுக்கும் கல் அது. புழங்கப் புழங்கப் பளபளப்பு கூடும்.

பழங்களில் நுங்கை இந்த நேரத்தில் தேடாதீர்கள், பெரும்பாலும் முற்றிக் கெட்டியாகி, நாங்கள் கடுக்காய் என்று சொல்கிற பதத்துக்குப் போயிருக்கும். நாவல்பழத்தின் காலம் இது. மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை உலுக்கச் சொல்லுங்கள். மண் படாமல் விழுந்த பழத்தை உப்புத் தண்ணீரில் அலசித் திண்ணையில் உட்கார்ந்து தின்ன வேண்டும்.

அப்புறம் கும்மாயம், உளுந்து மாவில் கிண்டும் இனிப்பு. ஆடியில் எங்கள் பக்கம் இதைக் கிண்டாத வீடு குறைவு. ஓர் ஆழாக்கு வெள்ளை உளுந்து, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி பச்சரிசி. தனித்தனியாக, சிறு தீயில், வாசம் வரும் வரை வறுக்க வேண்டும். உளுந்து பொன்னிறத்தைத் தாண்டினால் கசக்கும், அந்த இடத்தில் போன் வந்தாலும் எடுக்காதீர்கள். நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மாவுக்குக் கருப்பட்டி அரைப் பங்கு, வெல்லம் அரைப் பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. கருப்பட்டியில் மண் இருக்கும், கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். அடி கனத்த சட்டியில் இரண்டு கரண்டி நெய் விட்டு மாவை லேசாகப் பிரட்டி, ஆறிய கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி, பிறகு தீயைக் கூட்டாமல் கிண்டுங்கள். நெய்யை அவ்வப்போது சேருங்கள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். முழுக்கக் கருப்பட்டி போடுகிறவர்களும் உண்டு. எனக்குப் பாதிப் பாதிதான் பிடிக்கும். உளுந்து வாசம் அப்போதுதான் தனியாகத் தெரிகிறது.

மழையை நீங்கள் வரவழைக்க முடியாது, ஆனால் அடையாளம் கண்டுகொள்ளலாம். பகலெல்லாம் அடித்த காற்று நாலு மணிக்குச் சட்டென்று நின்று, புழுக்கம் கூடினால், வானத்தைப் பாருங்கள். மேகம் திரண்டு கறுத்திருந்தால் மாடியில் காய்வதையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு வருடம் கத்தரிக்காய் வற்றலைக் காயப்போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சியோடு பேசிக்கொண்டு இருந்துவிட்டேன். ஓடி வருவதற்குள் மூன்று கிலோவும் ஊறிப்போனது, இரண்டாம் நாள் பூசணம் பூத்தது. அப்பத்தா திட்டவில்லை. "தரையில காயப்போடாதடி, பாயில போடு. மழை வந்தா பாயோட சுருட்டிட்டு வந்துரலாம்" என்றார். இன்று வரை அப்படித்தான் செய்கிறேன்.

மழை தொடங்கினால் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நாட்டு ஓட்டில் விழும் முதல் தண்ணீரில் புழுதி இருக்கும், பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அதன்பின் கூரை மூலையில் கொட்டும் இடத்தில் அண்டாவை வையுங்கள். முதலில் பித்தளை கணீரென்று ஒலிக்கும், நிறைய நிறையச் சத்தம் அடங்கிக்கொண்டே வரும். நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். இடி இடித்தால் மாடியிலும் பனையடியிலும் நிற்கக் கூடாது, பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மழை இல்லாத இரவில் மொட்டை மாடி. ஆறு மணிக்கே நாலு குடம் தண்ணீர் ஊற்றித் மாடியில் பதித்த தட்டோட்டின் சூட்டை இறக்கிவிட்டால் ஒன்பது மணிக்குப் பாய் போடலாம். தெற்கே பாருங்கள், தேள் மாதிரி வளைந்த நட்சத்திரக் கூட்டம். அதன் நடுவே சிவப்பாக மின்னுவது கேட்டை. அதைக் காட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் மறுநாள் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

ஆவணியில் வருகிறவர்களுக்குப் பனம்பழம் கிடைக்கும். விழுந்த பழத்தை விறகுத் தீயில் சுட்டு, தோலை உரித்து, நாரோடு சப்பித் தின்னுங்கள். முகமெல்லாம் மஞ்சள் ஆகட்டும். கொட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். கொல்லையில் மண்ணைக் குவித்து மேடாக்கி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே ஒரு சாண் மண் போடுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையே அதற்குப் போதும். பொங்கலுக்கு வரும்போது மண்வெட்டி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள், கிழங்கு இறங்கியிருக்கும்.