சின்ன விமானத்தில் முதல் பயணம்: டிக்கெட் எடுப்பதிலிருந்து பெட்டியை எடுப்பது வரை

அம்மாவை முதல்முறையாக விமானத்தில் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்த அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கி விமானத்தைப் பார்த்ததுமே அவர் நின்றுவிட்டார். "என்னல இது, ஃபேன் வச்ச பழைய ப்ளேனா இருக்கு?"

பழையது இல்லை. ஏடிஆர் 72-600 என்ற இந்த ரகம் 2011-இல்தான் சேவைக்கு வந்தது. பிரான்சின் துலூஸ் நகரில் தயாராகிறது. இஞ்சினுக்குள் இருப்பது ஜெட் விமானத்தில் உள்ளதுபோல டர்பைன்தான், அது ஆறு இதழ் புரொப்பல்லரைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். குறைந்த தூரத்துக்கு எரிபொருள் மிச்சம், குட்டை ஓடுபாதையே போதும். தூத்துக்குடி ஓடுபாதை 3,115 மீட்டராக நீளுவதற்கு முன் வெறும் 1,350 மீட்டர்தான், அதனால் பல வருடம் அங்கே ஏடிஆர் போன்ற புரொப்பல்லர் விமானங்கள் மட்டும்தான் வந்துபோயின. சேலம், யாழ்ப்பாணம் போகிறவர்களும் பெரும்பாலும் இதில்தான் ஏறுவீர்கள்.

பெரிய விமானத்தில் போய்ப் பழகியவர்களும் இதில் சில விஷயங்களில் தடுமாறுவார்கள். நானே தடுமாறினேன். வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: டிக்கெட் எடுக்கும்போது

விமான வகை என்ன என்று டிக்கெட் பக்கத்திலேயே இருக்கும். ஏடிஆர் என்றால் முடிந்தவரை காலை விமானமாக எடுங்கள். இது 25,000 அடிக்கு மேல் பறக்காது, நம் ஊர்ப் பயணங்களில் அதைவிடவும் தாழ்வாகத்தான் போகும். அதாவது மேகங்களுக்கு மேலே போகாமல் பல நேரம் அவற்றுக்கு நடுவே போகும். மதியத்துக்கு மேல் தரை சூடேறி மேகம் திரளும்போது ஆட்டம் அதிகம். இன்னொரு காரணமும் உண்டு: ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர் சுற்றும். காலையில் ஓரிடத்தில் ஏற்பட்ட அரை மணி நேரத் தாமதம் மாலைக்குள் ஒன்றரை மணி நேரமாகிவிடும்.

இருக்கைகள் பக்கத்துக்கு இரண்டுதான்: ஏ, சி, டி, எஃப். நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. சத்தம் பிடிக்காதவர்கள் புரொப்பல்லருக்கு நேரே உள்ள முன்பகுதி வரிசைகளைத் தவிர்க்கலாம். குலுங்கினால் வயிற்றைப் புரட்டும் என்பவர்களுக்கு இறக்கையை ஒட்டிய நடுப்பகுதி நல்லது, வால்பக்கம் போகப் போக ஆட்டம் கூடும். இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெரியும். இந்த ஒரு சுகம் பெரிய விமானத்தில் கிடைக்காது.

வயதானவர்களுக்கு சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். ஏறும் படிக்கட்டு குறுகலானது. "நாலு படிதானே, ஏறிடுவாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: பையைக் கட்டும்போது

நான் செய்த தப்பு இங்கேதான். கைப்பெட்டி 7 கிலோவுக்குள் இருந்தது, மற்ற விமானங்களில் பத்து முறை கொண்டுபோன அதே டிராலி. ஆனால் ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள அலமாரி சின்னது. படிக்கட்டுக்குக் கீழேயே ஊழியர் டிராலியை வாங்கி, ஒரு சீட்டைக் கட்டி, சாமான் அறைக்கு அனுப்பிவிட்டார். கதவு மூடியபிறகுதான் உறைத்தது: அம்மாவின் பிரஷர் மாத்திரையும் என் பவர் பேங்க்கும் அதற்குள்.

மாத்திரை வெறும் அசௌகரியம். பவர் பேங்க் அப்படியில்லை. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பக்கத்தில் யாராவது பார்த்து அணைக்க முடியும், சாமான் அறையில் முடியாது. அதனால்தான் அது கைப்பையில் மட்டுமே வரவேண்டும் என்ற விதி. 100 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. கடையில் விற்கும் 20,000 எம்ஏஎச் ரகம் சுமார் 74 வாட்-மணிதான் வரும். பறக்கும்போது அதில் போன் சார்ஜ் போடாதீர்கள், மேல் அலமாரியிலும் வைக்காதீர்கள்.

ஆகவே டிராலிக்குள்ளேயே ஒரு துணிப்பை வையுங்கள். எங்கள் வீட்டு மஞ்சப்பையே போதுமாக இருக்கிறது. மாத்திரை, மூக்குக்கண்ணாடி, பவர் பேங்க், பணம், அடையாள அட்டை எல்லாம் அதில். டிராலியைக் கேட்டால் துணிப்பையை உருவிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம். கொப்பரை மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள், எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். மிளகாய் ஊறுகாய் கைப்பையில் ஆகாது.

படி 3: விமான நிலையத்தில்

உள்நாட்டுப் பயணத்துக்கு கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். சின்ன ஊர் நிலையம், கூட்டமில்லை என்று கடைசி நிமிடத்தில் போகாதீர்கள்.

தாமதமானால் என்ன கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தரவேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயணத்துக்கு 5,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது இழப்பீடு. மழை, மூடுபனி போன்ற காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. ஆனால் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ உண்டு. புகார் செய்ய ஏர்சேவா செயலி இருக்கிறது.

படி 4: விமானத்தை நோக்கி நடக்கும்போது

இந்தப் பயணத்தில் நீங்கள் உண்மையிலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் வானத்தில் இல்லை, இங்கேதான். பயணிகள் கதவு விமானத்தின் பின்பக்கம், இடதுபுறம். முன்பக்கம் இருப்பது சாமான் கதவு, அந்தப் பக்கம் உங்களுக்கு வேலை இல்லை. தரையில் வரைந்த கோட்டிலேயே நடங்கள். நின்றிருக்கும் புரொப்பல்லர் பக்கமும் போகவேண்டாம். வேகமாகச் சுழலும் புரொப்பல்லர் கண்ணுக்கே தெரியாது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், தொப்பி பறந்தால் துரத்தாதீர்கள். செல்ஃபி எடுக்க யாரும் பின்னால் நகர்ந்துகொண்டே போகாதீர்கள்.

வாலுக்கு அடியில் ஒரு கம்பி முட்டுக் கொடுத்திருக்கலாம். ஆட்கள் பின்பக்கமாக ஏறும்போது மூக்கு தூக்கிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் அது. "ஒடஞ்சு போச்சா?" என்று பின்னால் ஒருவர் கேட்டதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

படி 5: உட்கார்ந்ததும்

பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் போட்டு இறுக்குங்கள், வயிற்றின் மேல் அல்ல. பெல்ட் விளக்கு அணைந்தபிறகும் அவிழ்க்காமல் இருப்பதே நல்லது. இவ்வளவு சின்னப் பயணத்தில் எழுந்து எங்கே போகப்போகிறோம்?

வெளியேறும் வழிகள்: பின்னால் இருபுறமும் இரண்டு கதவுகள், பயணிகள் பகுதியின் முன்முனையில் இருபுறமும் இரண்டு அவசர வழிகள். உங்கள் வரிசைக்கு எது பக்கம் என்று இருக்கைகளை எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது, எண்ணிக்கை உதவும். முன் வரிசை கிடைத்தவர்கள் அவசர வழியின் கைப்பிடியை சும்மாகூடத் தொடவேண்டாம். 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து திருச்சி புறப்பட இருந்த ஓர் ஏடிஆரில் ஒரு பயணி தரையிலேயே அவசரக் கதவைத் திறந்துவிட, சோதனைகள் முடிந்துதான் விமானம் கிளம்பியது.

பெரும்பாலான ஏடிஆர்களில் மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழாது, இவ்வளவு தாழ்வாகப் பறப்பதற்கு அந்த ஏற்பாடு கட்டாயமில்லை. யாழ்ப்பாணம் போகிறவர்கள் கடலைத் தாண்டுவதால் இருக்கைக்கு அடியில் மிதவை உடுப்பு எங்கே என்று கையால் தடவிப் பாருங்கள். தேவைப்பட்டால் உள்ளே மாட்டலாம், வெளியே வந்துதான் ஊதவேண்டும். உள்ளேயே ஊதிக்கொண்டால் தண்ணீர் ஏறும்போது கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள், கதவுக்கு நீந்த முடியாது.

படி 6: சத்தங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

அம்மாவுக்கு இருந்த பயத்தில் முக்கால்வாசி சத்தத்தால் வந்தது. எது எதனுடைய சத்தம் என்று சொல்லச் சொல்லத்தான் என் கையை விட்டார்.

நிறுத்தத்தில் இருக்கும்போது வலப்பக்க இஞ்சின் மட்டும் இரையும், புரொப்பல்லர் சுற்றாது. அதற்கு பிரேக் போட்டு, மின்சாரத்துக்கும் ஏசிக்கும் மட்டும் இஞ்சினை ஓட்டுகிறார்கள். இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏசித் துளைகளிலிருந்து வெள்ளையாக ஏதோ வரும். அது புகை இல்லை, ஈரக்காற்று குளிர்ந்து உண்டாகும் பனிமூட்டம். வாசனை இருக்காது.

மேலேறிய சற்று நேரத்தில் இரைச்சல் சட்டென்று இறங்கும். "நின்னு போச்சா?" என்று எல்லோரும் பார்ப்பது இந்த நொடியில்தான். புறப்பட முழு வேகத்தில் சுழன்ற புரொப்பல்லரைச் சுமார் 82 சதவீதத்துக்குக் குறைக்கிறார்கள், அவ்வளவே. இறங்குமுன் காலடியில் ஒரு தடார், அது சக்கரம் வெளியே வருவது. நடுப்பகுதி ஜன்னலில் இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். தரை தொட்டதும் எழும் பெரிய இரைச்சல், புரொப்பல்லர் இதழ்கள் திரும்பி வேகத்தைப் பிடித்து நிறுத்துவது.

படி 7: இறங்கும்போது

காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். மிட்டாய் சப்புங்கள், கொட்டாவி விடுங்கள். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதலாம், பலமாக வேண்டாம். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பார்த்துப் பால் கொடுங்கள். கடுமையான சளியோடு பறப்பதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

படிக்கட்டில் வாங்கிய பெட்டி திரும்ப எங்கே கிடைக்கும் என்று கொடுக்கும்போதே கேட்டுவையுங்கள். சில இடங்களில் படிக்கட்டருகே தருவார்கள், சில இடங்களில் பெல்ட்டில் வரும். நான் கேட்கவில்லை. பஸ் போனபிறகும் விமானத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த எங்களை, அடுத்த பஸ்ஸில் ஏற்றி உள்ளே அனுப்பினார்கள். பெல்ட்டில் எங்கள் டிராலி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.