நாலடித் தொட்டியும் சாப்பிடாத கார்ன் ஸ்னேக்கும்

எப்படியும் 4, 5 அடி வளரப்போகிறது, ஒரே செலவாகப் போகட்டும் என்று சென்னை கொளத்தூரில் 4 அடி கண்ணாடித் தொட்டி வாங்கி, ஒன்றரை அடிகூட இல்லாத என் கார்ன் ஸ்னேக் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு) குட்டியை அதில் விட்டேன். பழைய டப்பாவில் வாரம் தவறாமல் எலிக்குஞ்சு தின்றது, அடுத்த மூன்று வாரமும் தொடவே இல்லை.

சூடு போதவில்லையோ என்று ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைத்தேன், அதுவும் சென்னையில்! தெர்மாமீட்டர் 34 டிகிரியைத் தாண்டியதும் எடுத்துவிட்டேன். எலிக்குஞ்சை வெந்நீரில் இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் காட்டியும் பார்த்தாயிற்று. சரி, டப்பாவுக்கே மாற்றிவிடலாம் என்று கையை விட்டபோதுதான் கவனித்தேன்: அது தெர்மாமீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, விரல் அகல இடுக்கில் செருகிக்கொண்டு கிடந்தது. ஒளிந்துகொள்ள நான் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டி வளர்ந்த பாம்புக்கான அளவு. உள்ளே அதன் உடம்பு எங்கும் உரசவே உரசாது; உரசினால்தானே அதற்குப் பத்திரமாகத் தோன்றும்.

தொட்டியை மாற்றவில்லை. விளிம்பில் வாசல் உடைத்த கொட்டாங்குச்சி இரண்டை, ஏசி காற்று படும் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று எனக் கவிழ்த்து, நடுவெளியைக் காய்ந்த இலையாலும் டிஷ்யூ உருளை அட்டைகளாலும் தரை தெரியாத அளவுக்கு நிரப்பினேன். ஐந்து நாள் அதை நான் தொடவில்லை. ஆறாம் நாள் ராத்திரி கொட்டாங்குச்சி வாசலில் வைத்த எலிக்குஞ்சு, காலையில் இல்லை. அப்பாடா!