ஒரே ஆட்டத்தில் செமி ஸ்லாவ்: அந்த பிஷப்பைப் பின்தொடருங்கள்

செஸ்ஸில் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) படிக்க வருபவர்களுக்கு நான் நகர்வுப் பட்டியல் தருவதில்லை. நல்ல டோர்னமெண்ட் ஆட்டம் ஒன்றைத் தருவேன். செமி ஸ்லாவ் என்ற ஓப்பனிங்குக்கு என்றால், 2013இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் கிராண்ட்மாஸ்டர் லெவோன் அரோனியனுக்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பில் ஆடியது. மொத்தமே 23 நகர்வுகள்.

பலகையில் காய்களை அடுக்குங்கள். எஞ்சின் (நகர்வுகளை அலசும் கணினி நிரல்) இப்போது வேண்டாம். முதல் ஐந்து நகர்வுகளில் வெள்ளை டி4, சி4, குதிரை எஃப்3, குதிரை சி3, இ3. கறுப்பு டி5, சி6, குதிரை எஃப்6, இ6, குதிரை டி7. இங்கே நிறுத்துங்கள். கறுப்பின் சி8 பிஷப்பைப் பாருங்கள். இ6 சிப்பாய் அதன் வழியை அடைத்துவிட்டது. இந்த ஓப்பனிங்கில் கறுப்பின் பெரிய கவலையே அதுதான். இனி ஒவ்வொரு நகர்வுக்கும், "இதனால் அந்த பிஷப்புக்கு என்ன லாபம்?" என்று கேளுங்கள்.

வெள்ளை பிஷப் டி3 வந்ததும் கறுப்பு சி4-ஐ வெட்டுகிறது. வெள்ளை திருப்பி வெட்ட, உடனே பி5. இதுதான் மெரான் என்ற செமி ஸ்லாவ் கிளை. பிஷப்புக்கு பி7 கிடைத்துவிட்டது, ஆனால் சி6-இல் சொந்தச் சிப்பாயே மறிக்கிறது. அதனால் எப்படியாவது சி5 தள்ளியாக வேண்டும். வெள்ளைக் குதிரை ஜி5-இல் நின்று எச்7-ஐக் குறிவைக்கும்போதே, 12-வது நகர்வில், ஆனந்த் தள்ளிவிடுகிறார்! குதிரை எச்7-ஐ வெட்டியும் அவர் அதைத் தொடவில்லை. தன் குதிரையை ஜி4-க்குப் பாய்ச்சுகிறார்.

கறுப்பின் 15-வது நகர்வைத் தாளால் மூடிக்கொண்டு நீங்களே தேடுங்கள். அரைமணி நேரம் ஆனாலும் சரி. விடை: கறுப்பின் இன்னொரு பிஷப் சி5. டி4 சிப்பாய் அதை வெட்டலாம், ஆனால் கறுப்புக் குதிரை திருப்பி வெட்டியதும் ராணி டி4-இல் செக் வைக்க வழி திறக்கும். அடுத்த நகர்வான குதிரை இ5 இன்னும் அழகு. உலகப் பட்டப் போட்டிக்காக முன்பே தயாரித்து வைத்திருந்த யோசனை இது.

கடைசி நகர்வு பிஷப் இ3. வெள்ளை ராணி டி3-இலிருந்து எச்3-ஐக் காக்கிறது. இந்த பிஷப் குறுக்கே விழுகிறது. இனி கறுப்பு ராணி எச்3-ஐ வெட்டினால் ஜி2 சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது. பி7 பிஷப் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது!

இதெல்லாம் புரிந்த பிறகு எஞ்சினைத் திறங்கள். அப்புறம் 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லேவிக்கு எதிராக ரூபின்ஸ்டீன் ஆடியதையும் இதே முறையில் ஆடிப் பாருங்கள். அங்கே ஓப்பனிங் வேறு, ஆனால் கறுப்பின் இரண்டு பிஷப்புகளும் ராஜாவை நோக்குவது இதே மாதிரிதான்.