டச்சு ஸ்டில் லைஃப் பார்க்கறப்போ மண்டையோட்டை மட்டும் தேடாதீங்க

17-ம் நூற்றாண்டு டச்சு ஸ்டில் லைஃப், அதாவது பாத்திரம், பழம், பூ மாதிரி அசையாத பொருள்கள வரைஞ்ச படம்னு பேச்செடுத்தாலே உடனே ஒரு லிஸ்ட் வந்துடும், மண்டையோடுன்னா சாவு, கடிகாரம்னா ஓடிப்போற நேரம், பாதி உரிச்ச எலுமிச்சைன்னா வெளிய அழகு உள்ள புளிப்புன்னு. இத மனப்பாடம் பண்ணிட்டு படத்துகிட்ட போறதுதான் முதல் தப்பு. பீட்டர் க்ளாஸ்ங்கற டச்சு ஓவியர் 1630ல வரைஞ்ச மண்டையோட்டுப் படம் நிலையாமையப் பத்தினதுதான், சந்தேகமே இல்ல. அதுக்காக எல்லா எலுமிச்சையும் உபதேசம் பண்ணாதுங்க. கடல் சிப்பி மேல எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடறது அவங்க வழக்கம், தவிர ஈரமா மின்னற சுளையும் சுருண்டு தொங்கற தோலும் வரையறவங்க கைக்கு ஒரு பரீட்சை. அதே க்ளாஸோட 1627 வான்கோழி பை (pie, மாவுக்குள்ள கறி வெச்சு சுட்டது) படத்துல பஞ்சாங்கத் தாள் மாதிரி ஒண்ண சுருட்டின பொட்டலத்துல மிளகு இருக்கும், ஆசியாவுலேர்ந்து கப்பல்ல வந்த மிளகு, அது அந்த வீட்டுப் பணத்தையும் சேர்த்து சொல்லுது.

பெரிய தப்பு, வெளிச்சத்த கவனிக்காம விடறது. வில்லெம் ஹெடா 1635ல வரைஞ்ச தங்க முலாம் கோப்பை படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்கு. மொத்தப் படமும் சாம்பல், பழுப்பு, மங்கின பச்சை, அவ்ளோதான். படத்துல ஜன்னலே கிடையாது, ஆனா ஒயின் கிளாஸோட வயித்துல ஜன்னல் குட்டியா வளைஞ்சு தெரியும், அத வெச்சே வெளிச்சம் எந்தப் பக்கம்னு புரிஞ்சிடும். வெள்ளியில அது சுருக்னு வெட்டும், ஈயத்தட்டுல மங்கலா பரவும், வெள்ளைத் துணியில மடிப்புக்கு மடிப்பு மாறும். இத ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் விடவே மாட்டீங்க.

பூ படங்கள்ல இன்னொண்ணு, நிஜமான பூங்கொத்த முன்னாடி வெச்சு அப்படியே வரைஞ்சதுன்னு நம்பறது. வசந்தத்துல பூக்கற ட்யூலிப்பும் கோடையில பூக்கற பூவும் ஒரே ஜாடியில இருக்கும், தனித்தனியா வரைஞ்சு வெச்சு சேர்த்ததுதான் நிறைய. இலை நீலமா இருந்தா அதுக்கும் அர்த்தம் தேடாதீங்க, பச்சைக்காக கலந்த மஞ்சள் சாயம் வெளுத்துப் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

க்ளாஸோட வயலின் இருக்கற படம் ஒண்ணு ஜெர்மனியில நூரம்பெர்க்ல இருக்கு, அதுலயும் மண்டையோடு உண்டு, எல்லாரும் அதப் பாத்துட்டு நகர்ந்துடறாங்க. பக்கத்துல கண்ணாடி உருண்டை ஒண்ணு இருக்கும், ஜூம் பண்ணிப் பாருங்க, அறை முழுக்க அதுக்குள்ள வளைஞ்சு தெரியும், நடுவுல ஈசல் (படம் வரையற தாங்கி) முன்னாடி ஓவியர் க்ளாஸே பொடியா வரைஞ்சிட்டிருப்பாரு.