வேலை வெறுத்துப்போன வாரத்தில் எந்தப் படம் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், ஏதாவது காமெடி பார்த்தால் மனசு லேசாகும் என்று போனை எடுத்து, எதைப் பார்ப்பது என்று தேடியே முக்கால் மணி நேரம் போய், கடைசியில் எதையும் பார்க்காமல் தூங்கிப்போவது வேலைக்குப் போகிற பலருக்கும் நடக்கும். சிறந்த பத்து ஆபீஸ் காமெடிகள் என்று போடுகிற பட்டியல்கள் இதற்கு உதவாது. வேலை படுத்துகிற பாடு ஆளுக்கு ஆள் வேறு. மேனேஜரால் நொந்தவருக்கு ஒரு படம், கஸ்டமரால் நொந்தவருக்கு இன்னொரு படம். அதனால் முதலில் படத்தைத் தேடாதீர்கள். இந்த வாரம் உங்களை அதிகம் நோகடித்தது எது என்று ஒரே ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதை வைத்துப் படத்தை எடுக்கலாம்.

மூச்சு விட நேரமில்லை, நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குக் கேட்கிறார்கள் என்றால் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்'. 1936-இல் வந்த படம். நான் ஒரு கால் சென்டரில் நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தில், டீ குடிக்கப் போனாலும் பாத்ரூம் போனாலும் கம்ப்யூட்டரில் பிரேக் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், வாரக் கடைசியில் அந்த நிமிஷங்களையெல்லாம் கூட்டி எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். அப்போதுதான் இந்தப் படத்தைப் பார்த்தேன். பெல்ட்டில் ஓடி வருகிற நட்டுகளை முறுக்கிக்கொண்டே இருப்பது சாப்ளினின் வேலை. நடுவில் பாத்ரூம் போகிறார், போகிற வழியில் வேலை நேரம் பதிகிற கார்டை எடுத்து மிஷினில் அடித்துவிட்டுப் போகிறார். உள்ளே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்ததும் சுவர் அளவுக்கு முதலாளியின் முகம் திரையில் வந்து, போய் வேலையைப் பார் என்று விரட்டுகிறது. நான் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், எங்கேயோ இருந்த ஒருவருக்கு என் ஷிஃப்டு அப்படியே தெரிந்திருக்கிறது!

அதே படத்தில் சாப்பாடு ஊட்டும் மிஷின் வருகிற காட்சியைத் தவறவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அந்த மிஷினை விற்க வருகிறார்கள், சோதனை செய்ய சாப்ளினை அதில் கட்டி நிறுத்துகிறார்கள். சோளக்கதிர் மெதுவாகச் சுற்றி வாய்க்கு வருகிறது, பிறகு வெறி பிடித்த மாதிரிச் சுழன்று மூக்கையும் வாயையும் தேய்க்கிறது. ரிப்பேர் பார்க்கிறவர் தட்டில் மறந்து வைத்த இரும்பு நட்டுகளை அது பண்டம் என்று நினைத்து வாயில் தள்ளுகிறது. இவ்வளவு நடந்ததற்கு அப்புறமும் வாய் துடைக்கிற கை மட்டும் மிக மரியாதையாக வந்து ஒற்றிவிட்டுப் போகும், அந்த இடத்தைக் கவனியுங்கள். கடைசியில் முதலாளி அந்த மிஷினை வேண்டாம் என்கிறார். அந்த ஆள் பட்ட பாட்டைப் பார்த்து இல்லை, நடைமுறைக்கு ஒத்துவராது என்று. இதைவிடச் சரியாக ஒரு கம்பெனியைக் காட்டிவிட முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

செய்கிற வேலைக்கே அர்த்தமில்லை, ஒரே விஷயத்தை நாலு பேர் வந்து நாலு தடவை சொல்கிறார்கள் என்றால் மைக் ஜட்ஜ் 1999-இல் எடுத்த 'ஆபீஸ் ஸ்பேஸ்'. கதாநாயகன் பீட்டர் ஒரு ரிப்போர்ட்டுக்கு மேல் வைக்க வேண்டிய கவர் தாளை வைக்க மறந்துவிடுகிறான். அவ்வளவுதான் குற்றம். அதைச் சொல்ல ஒரு மேலதிகாரி வருகிறார், அவர் போனதும் இன்னொருவர் வருகிறார், போனும் அடிக்கிறது. அவனுக்கு மொத்தம் எட்டு பாஸ். எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி வேறு. சனிக்கிழமை வரச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்தமில்லாமல் கிளம்பப் பார்க்கிறான், ஆனால் கம்ப்யூட்டர் மூடுவதற்கு நேரம் எடுக்கிறது, அந்தப் பக்கம் மேனேஜரின் தலை தடுப்புகளுக்கு மேலே நகர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. ஐடியில் வேலை பார்த்தவர்களுக்கு அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். தியேட்டரில் பெரிதாக ஓடாத இந்தப் படம் வீடியோவிலும் டிவியிலும்தான் ஆட்களைப் பிடித்தது. அது எனக்கு ஆச்சரியமே இல்லை, வேலை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் அது.

உழைத்தது நீங்கள், பெயர் வாங்கியது வேறொருவர் என்றால் 1980-இல் வந்த 'நைன் டு ஃபைவ்'. அதில் ஒரு பெண் தான் வேலை கற்றுக்கொடுத்த ஆணே தன்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்குவதைப் பார்க்கிறாள். பிறகு மூன்று பெண்கள் சேர்ந்து பாஸைக் கட்டிவைத்துவிட்டு, அவர் பெயரிலேயே ஆபீஸை நடத்துகிறார்கள். குழந்தைகள் காப்பகம், வசதிக்கு ஏற்ற வேலை நேரம் எல்லாம் கொண்டுவருகிறார்கள், வேலையும் முன்பைவிட நன்றாக நடக்கிறது. கஸ்டமர்தான் தொல்லை என்றால் 'கிளார்க்ஸ்', 1994. இயக்குநர் கெவின் ஸ்மித் தான் வேலை பார்த்த கடையிலேயே ராத்திரிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பேச்சு ரொம்பப் பச்சையாக இருக்கும், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடாதீர்கள்.

பதவி உயர்வுக்காக உங்களையே விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றினால், பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மெண்ட்' (1960). மேலதிகாரிகள் தங்கள் கள்ள உறவுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் குளிரில் வெளியே நிற்கிற ஒரு இன்சூரன்ஸ் குமாஸ்தா. ஜலதோஷம் பிடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒருவருக்கு அடுத்து ஒருவராகப் போன் போட்டு யார் எந்த நாள் வருவது என்று மாற்றி எழுதுவான், அந்தக் காட்சியில் சிரிப்பும் பரிதாபமும் ஒன்றாக வரும். ஆனால் படத்தின் பாதியில் ஒரு தற்கொலை முயற்சி இருக்கிறது. மனசு ஏற்கெனவே கீழே இருக்கிற நாளில் இதை எடுக்க வேண்டாம், தெம்பாக இருக்கிற ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் படிக்கிற அளவுக்குக்கூடத் தெம்பில்லையா? 'ஃப்ரண்ட்ஸ்' (2001) படத்தில் காண்ட்ராக்டர் நேசமணி வருகிற பகுதிகளை மட்டும் போடுங்கள். மற்ற படங்களில் தொழிலாளி படுகிற பாட்டை இங்கே காண்ட்ராக்டர் படுகிறார், சொன்ன வேலையைத் தவிர எல்லாவற்றையும் செய்கிற ஆட்களை வைத்துக்கொண்டு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் அவர். தேவையில்லாத ஆணி என்று வடிவேலு புலம்பியது பிறகு நம் ஆபீஸ் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டது. "இன்னைக்கு ஆணி ஜாஸ்தி" என்றால் வேலை அதிகம் என்று எல்லோருக்கும் புரிகிறது. படம் வந்து பதினெட்டு வருஷம் கழித்து, 2019-இல், ஃபேஸ்புக்கில் ஒரு சுத்தியல் படத்துக்குக் கீழே யாரோ, படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணியை நினைவுபடுத்தப் போய், அவருக்காக இணையத்தில் உலகமே விளையாட்டாகப் பிரார்த்தனை செய்ததும் ஞாபகம் இருக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதல் அரை மணி நேரத்தை ஓட்டிவிடாதீர்கள், முக்கியமாக இது. இந்த வகைப் படங்களில் வேலை இடத்தை உள்ளது உள்ளபடி காட்டுவது பெரும்பாலும் ஆரம்பத்தில்தான். அதற்குப் பிறகு கதை தப்பிக்கிற வழியைத் தேடிப் போய்விடும். 'ஆபீஸ் ஸ்பேஸ்' பணம் சுருட்டுகிற திட்டத்துக்குப் போகிறது, 'மாடர்ன் டைம்ஸ்' தொழிற்சாலையை விட்டுத் தெருவுக்கு வருகிறது. களைப்பாக இருந்தால் அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டுத் தூங்கலாம், வாங்க வேண்டியதை வாங்கியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் வேண்டாம், மறுநாள் காலை அலாரம் அடிக்கும்போது அந்த மேனேஜர் முகம்தான் முதலில் வரும். வெள்ளி ராத்திரி அல்லது சனிக்கிழமை மதியம் நல்லது.

முடிந்தால் கூட வேலை பார்க்கிற ஒருவரோடு பாருங்கள், டீம் மொத்தத்தையும் கூப்பிட வேண்டாம். அந்த சாப்ளின் காட்சியை நான் அடுத்த வாரம் என் பக்கத்து சீட்டுக்காரருக்கு போனில் காட்டினேன், இரண்டு பேரும் ஒரே இயர்போனில் ஆளுக்கொரு காதாகப் பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டீக்கு எழுந்தபோது, "கார்டு அடிச்சாச்சா?" என்று கேட்டார். அந்த வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் நாங்கள் டீக்கு அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.